முக்காலிக்கு ஏன் முட்டுக்கட்டை?

சாரல் பருவம்! குற்றாலம் குளிர்ந்து கிடக்கிறது. ஆனியிலே தொடங்கி ஆவணி வரையிலே மேற்குமலையின் முகட்டில் முகில் முட்டி உடைகிறது, பேரருவி பொங்குகிறது, ஐந்தருவி ஆர்ப்பரிக்கிறது. ஊர் ஊராக மக்கள் வந்து குவிகின்றனர். எண்ணெய் தேய்த்து நீராடுகின்றனர். ஈரம் உலரும் முன்பே பசியெடுக்க, வயிறார உண்கின்றனர். உண்ட களைப்புத் தீர அமர்கின்றனர். ஆம், அமர்கின்றனர்! உழைத்து அலுத்தவர் ஓரிரு நாள் உட்கார்ந்து இளைப்பாறுவதற்கென்றே இயற்கை அமைத்துத் தந்த இடம் அது.

ஆனால் தோழர்களே, அந்த ஊரிலே அமராதவர்களும் உண்டு. அவர்களை நாம் பார்க்கிறோம், ஆனால் காண்பதில்லை. கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையின் முன்னே நின்று நேந்திரங்காய் வறுவலை அள்ளிக் கொட்டுகிறாரே, அவர் அமர்வதில்லை. விடுதியின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று, "அறை இல்லை ஐயா" என்று ஆயிரம் முறை சொல்கிறானே இளைஞன், அவன் அமர்வதில்லை. துண்டும் துணியும் விற்கும் கடையிலே நிற்கும் பெண் அமர்வதில்லை. பிரானூர்ப் பக்கத்துப் புரோட்டாக் கல்லின் எதிரே, அனலை மார்பிலும் ஈரத்தைக் காலிலும் ஏந்தி நிற்பவர் அமர்வதில்லை. கூட்டம் சேரும் முன்பே நின்றவர், கடைசி விளக்கு அணையும் வரை நிற்கிறார். அருவிகூடக் கோடை வந்தால் ஓய்வு கொள்கிறது! அதன் அடியிலே பிழைப்பவருக்கு, பருவம் முடியும் வரையில் ஓய்வு இல்லை.

குற்றாலத்திலே சித்திர சபை என்று ஒன்று உண்டு. ஐந்து சபைகளுள் ஒன்று என்று பக்தர்கள் பெருமையுடன் கூறுவர். அங்கே ஆடவல்லான் ஒரு காலைத் தூக்கி, ஒரு காலை ஊன்றி நிற்கிறார். களைப்படைவதில்லை, கால் கடுப்பதில்லை, நரம்பு புடைப்பதில்லை. எப்படிப் புடைக்கும்? அவர் சுவரிலே தீட்டிய ஓவியம்! அந்தச் சபையைக் கண்டு கைகூப்பிவிட்டு வருகிறவர் அடுத்த தெருக் கடையிலே நுழைகிறார். அங்கே ஒருத்தி நிற்கிறாள். அவள் ஓவியமல்ல. குருதியும் தசையும் கொண்ட கால்கள் அவளுடையவை. ஓவியத்துக்கு ஆராதனை நடக்கும் ஊரிலே, உயிருள்ள காலுக்கு ஒரு முக்காலி கிடையாது. இதுதான் நமது வழக்கு.

குற்றாலத்திலிருந்து தென்காசி கூப்பிடு தூரம். 2019 நவம்பர் 22 முதல் மாவட்டத்தின் தலைநகர். கடைத்தெருவிலே ஜவுளி, நகை, பாத்திரம், மருந்து என்று வணிகம் வளர்ந்திருக்கிறது. ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்தோம். பெயர் வேண்டாம், ஒரு கடையின் குற்றமல்ல நாம் சொல்ல வந்தது. "வாங்கண்ணே, இருங்க" என்று ஒரு பெண் இருக்கையைத் துடைத்துப் போட்டார். நாம் அமர்ந்தோம். அவர் நின்றார். வேட்டி ஒன்று எடுப்பதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. வலக்காலின் பாரத்தை இடக்காலுக்கும், இடக்காலின் பாரத்தை வலக்காலுக்கும் மாற்றி மாற்றி அவர் நின்றதைக் கண்டோம். "நீங்களும் இருங்களேன், அம்மா" என்றோம். அவர் சிரித்தார். கண்களோ கல்லாப் பக்கம் சென்று திரும்பின. "பரவாயில்லண்ணே" என்றார்.

கடையிலே முக்காலி இல்லையா? இருந்தது! அதன்மீது துணிக்கட்டு உட்கார்ந்திருந்தது. துணிக்கட்டு அமர்ந்திருக்கிறது; அதைச் சுமந்து வந்தவர் நிற்கிறார்! சரக்குக்கு இருக்கை, சகோதரிக்கு நிலை! இதைக் கண்டபின் எழுதாமலிருக்க நம்மால் இயலவில்லை.

நாற்காலி என்றால் நாட்டிலே என்ன மதிப்பு என்பது நாமறிவோம். அதைப் பிடிக்க அமளி, பிடித்தபின் விடாமலிருக்க அமளி. நான்கு கால் நாற்காலிக்காக நாடே அல்லோலகல்லோலப்படும்போது, மூன்று கால் முக்காலி கேட்பவரின் முனகல் யார் காதில் விழும்?

விழாததற்குக் காரணம் கஞ்சத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு முக்காலியின் விலை, ஒரு பட்டுப் புடவையின் முந்தானைக்கும் ஈடாகாது. முக்காலி வாங்கப் பணமில்லை என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. மறுக்கப்படுவது மரத்துண்டல்ல, மரியாதை! இந்த மண்ணிலே உட்காருதல் என்பது உடம்பின் செயலாக மட்டும் என்றைக்கு இருந்தது? அது தகுதியின் அடையாளமாக அல்லவா ஆக்கப்பட்டது! "போனேன், உட்காரு என்றுகூடச் சொல்லவில்லை" என்று அவமதிப்பை அளந்து சொல்வது நம் பேச்சு வழக்கு. திண்ணையிலே யார் அமரலாம், முற்றத்திலே யார் நிற்க வேண்டும், தெருவோடு யார் போய்விட வேண்டும் என்று வகுத்து வைத்த ஊர்கள் நம் ஊர்கள்.

வகுத்தது யார்? மனுநீதியைப் புரட்டுக. எட்டாவது அத்தியாயம், 281ஆவது சுலோகம். உயர்ந்த வருணத்தானோடு ஒரே ஆசனத்தில் அமர முயலும் தாழ்ந்த வருணத்தானுக்கு, இடுப்பிலே சூடிட்டு நாடு கடத்துக, அல்லது அவன் பிட்டத்தை அறுத்திடுக என்று தண்டனை கூறுகிறது அது. களவுக்கல்ல, கொலைக்கல்ல, உட்கார நினைத்ததற்கு! நீதி நூலாம் இது!

பழங்கதை என்பீரோ? தென்காசியிலிருந்து ஒரே ஜில்லாவாக இருந்த பழைய திருநெல்வேலிச் சீமையிலேதான் சேரன்மாதேவி இருக்கிறது. அங்கே வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்திலே, பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனி இடத்திலே சோறு, மற்றப் பிள்ளைகளுக்குத் தனி இடத்திலே சோறு என்றிருந்தது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகத்தையே உலுக்கிய கிளர்ச்சி அதிலிருந்து கிளம்பிற்று. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எழுப்பிய கேள்வி என்ன? சோறு போதவில்லை என்பதா? இல்லை. எங்கே உட்கார்ந்து உண்பது, யாரோடு உட்கார்ந்து உண்பது என்பதுதான் கேள்வி. இருக்கை பற்றிய அந்தச் சண்டை, இயக்கத்தின் வரலாற்றிலே ஒரு திருப்பம் ஆயிற்று.

பந்தி ஒன்றாயிற்று. உணவுவிடுதியில் சமமாக அமர்கிறோம். பேருந்திலே அருகருகே அமர்கிறோம். ஆனால் பழைய பாம்பு சட்டையைத்தான் உரித்தது. கடைக்குள் புகுந்துகொண்டு, "வாடிக்கையாளருக்கு மரியாதை" என்ற புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டது. கூலி கொடுப்பவன் முன் கூலி வாங்குபவன் அமரக் கூடாது. பணம் தருபவன் முன் பண்டம் தருபவன் அமரக் கூடாது. பிறப்பால் வகுத்ததைப் பிழைப்பால் வகுத்திருக்கின்றனர். பெயர்தான் வணிகம், உள்ளே இருப்பது அதே வருணம்.

இனி, உடலின் வழக்கைக் கேளுங்கள். அறிவியல் நமக்குத் துணை நிற்கிறது. காலுக்கு இறங்கிய குருதி மேலேறி நெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். ஈர்ப்பு விசைக்கு எதிராக அதை மேலேற்றுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போதும் காலை அசைக்கும்போதும் அத்தசை சுருங்கிச் சுருங்கிக் குருதியை மேலே தள்ளுகிறது. நாளங்களுக்குள்ளே உள்ள சிறு தடுப்பிதழ்கள், ஏறிய குருதி மீண்டும் இறங்காதபடி அடைத்துக் கொள்கின்றன. அசையாமல் மணிக்கணக்கில் நின்றால் என்ன ஆகும்? குருதி தேங்கும், நாளம் விரியும், இதழ்கள் நாளடைவில் தளரும், நீல நிறத்தில் நரம்பு முடிச்சிட்டதுபோல் கால் புடைக்கும். வெரிகோஸ் என்று மருத்துவர் பெயரிடுவர். கருவுற்ற பெண்ணுக்கு இத்தொல்லை மேலும் மிகும். இடுப்பு வலி, குதிகால் வலி, பாத வீக்கம் ஆகியவை உடன்பிறந்த உறவுகள்! "அவள் ஜாதகம் அப்படி, சனி காலைப் பிடித்துக்கொண்டான்" என்று உறவினர் எள் விளக்கு ஏற்றுவர். சனி பிடிக்கவில்லை, தோழர்களே! பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைத்த கடை பிடித்தது.

சட்டம் என்ன செய்தது? சென்னை மாகாணத்திலே கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி, நான்கு மணி நேரத் தொடர் உழைப்புக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு என்றெல்லாம் அது வகுத்தது. நல்ல சட்டம். ஆனால் மணியை எண்ணிய சட்டம் காலை மறந்தது! அடுத்த ஆண்டே வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்யும் தொழிலாளி வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்ந்து ஓய்வெடுக்க இருக்கை வசதி வேண்டுமென்று 44ஆவது பிரிவிலே கூறிற்று. ஆலைத் தொழிலாளிக்கு உண்டு; கடைத் தொழிலாளிக்கு இல்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டமோ, கருவுற்ற பெண் கேட்டுக்கொண்டால், பேறுகாலத்துக்கு ஆறு வாரங்களுக்கு முந்திய ஒரு மாதத்தில் நெடுநேரம் நிற்கும் வேலையைத் தரக்கூடாது என்றது. நெடுநேரம் நிற்பது கேடு என்பது அன்றைக்கே நாடாளுமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாதத்துக்குக் கேடாக இருப்பது மற்றப் பதினோரு மாதங்களுக்கும் கேடு என்பதுதான் தெரியவில்லை போலும்!

கடலுக்கப்பால் பார்த்தால் வெட்கம் மிகுகிறது. பிரிட்டனில் 1899ஆம் ஆண்டிலேயே, கடை ஊழியர் இருக்கைக்கென்று தனிச் சட்டம் செய்தனர். மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் என்றது அது. நம்மை ஆண்டவர்கள் தங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தந்ததை நம் ஊர்ப் பெண்களுக்குத் தரவில்லை. அவர்கள் சென்ற பின்னும் நாம் நெடுங்காலம் தரவில்லை.

செங்கோட்டையைத் தாண்டி, ஆரியங்காவுக் கணவாய் வழியே மலைக்கு அந்தப் பக்கம் போனால் கேரளம். அங்கேதான் பொறி பறந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவிலே, தையல் தொழிலாளியான பி. விஜி என்பார் கடைப் பெண்களைத் திரட்டினார். பெண்கூட்டு என்று அமைப்புக் கண்டார். முதலில் அவர்கள் கேட்டது இருக்கைகூட அல்ல, கழிப்பிடம்! கழிப்பிடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழித்த பெண்கள் அவர்கள். அடுத்துக் கேட்டது அமரும் உரிமை. படித்த மேதைகளிடமிருந்து பிறந்ததல்ல இக்கோரிக்கை; வலித்த கால்களிலிருந்து பிறந்தது. 2018இல் கேரள அரசு பணிந்தது. அவசரச் சட்டத்தின் வழியாகக் கடைச் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது.

தமிழ்நாட்டிலே 2019 செப்டம்பரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு இக்கருத்தை ஏற்றது. 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டப்பேரவையிலே மசோதாவை முன்வைத்தார். அதே மாதம் அது நிறைவேறிற்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை வசதி செய்து தர வேண்டும். பணிக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமர வேண்டும். நாள் முழுதும் நின்றே தீரும் நிலை கூடாது. இதுதான் திருத்தத்தின் சாரம். 1947க்கும் 2021க்கும் இடையே எழுபத்து நான்கு ஆண்டுகள்! ஒரு மனிதனின் ஆயுட்காலம். அவ்வளவு காலம் நின்ற பிறகு எழுத்திலே இருக்கை கிடைத்தது.

எழுத்திலே கிடைத்த இருக்கை கடையிலே கிடைத்ததா? தென்காசியில் துணிக்கட்டு விடை சொல்லிற்று. முக்காலி வாங்கிப் போட்டாயிற்று. சட்டத்துக்குக் கணக்குக் காட்டியாயிற்று. அதில் உட்காரத்தான் உத்தரவு இல்லை!

"அண்ணாச்சி, ஏன் இப்படி?" என்று கேட்டோம்.

"வர்ற ஜனம் என்ன நினைக்கும்? உட்கார்ந்துகிட்டே துணி காட்டினா மரியாதை இல்லைன்னு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க" என்றார்.

அண்ணாச்சி பொல்லாதவர் அல்லர். பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குத் துணி தருபவர். நோயென்றால் மருத்துவச் செலவுக்குக் கையில் பணம் வைப்பவர். ஆனால் பாருங்கள்: கால் புடைத்த பின் மருந்துக்குப் பணம் தருகிறார், புடைக்காமலிருக்க முக்காலி தரமாட்டார். முன்னது கருணை, தந்தவருக்குப் புகழ். பின்னது உரிமை; தந்தால் தமக்குக் குறை என்று கருதுகிறார். கருணைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் வேறில்லை.

அவர் சொன்னதில் நமக்கும் ஓர் அடி இருக்கிறது, மறைக்க வேண்டாம். "வர்ற ஜனம்" யார்? நாம்தாம்! நாம் நுழைந்ததும் துள்ளி எழாத பணியாளரைக் கண்டு முகம் சுளிப்பவர் நம்மிலே எத்தனை பேர்? மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு இறங்கி வந்து, தேநீர்க் கடைப் பையனை "ஏய்!" என்றழைப்பவர் நம் தோழர்களிலே இல்லையா? வங்கியில் காசாளர் அமர்ந்துகொண்டுதான் பணம் தருகிறார். மருத்துவர் அமர்ந்துகொண்டுதான் நாடி பார்க்கிறார். தாசில்தார் அமர்ந்துகொண்டுதான் மனு வாங்குகிறார். அங்கெல்லாம் நமக்கு மரியாதை குறைந்ததாக எண்ணுவதில்லை. துணி விற்கும் பெண் அமர்ந்தால் மட்டும் குறைந்துவிடுகிறதாம்! அந்த எண்ணம் எந்தச் சுலோகத்திலிருந்து வந்தது என்பதை மேலே கண்டோம்.

"உட்கார்ந்தால் சோம்பல் வரும்" என்பது அடுத்த வாதம். கல்லாவிலே நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவருக்கு வராத சோம்பல், கால்மணி நேரம் உட்கார்ந்தவருக்கு வந்துவிடுமா? களைத்த கால் கவனத்தைக் கெடுக்கும். வலியோடு நிற்பவர் சிரிப்போடு விற்க முடியாது. இது வணிகக் கணக்கே ஆகும்.

முக்காலி ஒரு தொடக்கமே, தோழர்களே. அதன் பின்னே ஒரு பெரிய கேள்வி நிற்கிறது. வேலையிடத்தை மனிதனுக்கேற்பத் திருத்துவதா, மனிதனை வேலையிடத்துக்கேற்ப வெட்டுவதா?

கிரேக்கக் கதையிலே புரோக்ரஸ்டஸ் என்று ஒரு கொடியவன் வருகிறான். வழிப்போக்கரை விருந்துக்கு அழைப்பான். தன் கட்டிலில் படுக்கவைப்பான். கட்டிலைவிட நெடியவராயின் காலை வெட்டுவான், குட்டையாயின் உடலை இழுத்து நீட்டுவான். கட்டிலை மாற்ற அவனுக்குத் தோன்றவே இல்லை! இன்றைய வேலையிடங்கள் பல அந்தக் கட்டில்தான். சக்கர நாற்காலியில் வருபவர் படியேற முடியவில்லையா? அவரிடம் குறை. செவிப்புலன் இல்லாதவருக்கு மேலாளரின் கூவல் எட்டவில்லையா? அவரிடம் குறை. படிக்கட்டு கட்டியவரிடமோ கூவியவரிடமோ குறை கிடையாது! "முற்பிறவிப் பயன்" என்று முத்திரையிட்டு, சாய்தளம் அமைக்கும் செலவை மிச்சப்படுத்திக் கொள்கிறது வைதீகம். தலைவிதி என்பது எவ்வளவு மலிவான கட்டடப் பொறியாளர், பார்த்தீர்களா!

2016இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்புக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் கட்டிலை உடைக்க வந்தது. ஊனத்தின் வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. அரசுப் பணியிலே நான்கு விழுக்காட்டுக்குக் குறையாத ஒதுக்கீடு வைத்தது. அதனினும் பெரிது வேறொன்று. பிறரோடு சமமாக உரிமை துய்க்கத் தேவையான பொருத்தமான மாற்றங்களைச் செய்து தருதல் என்ற கோட்பாட்டை அது சட்டமாக்கிற்று. நியாயமான ஏற்பாடு என்று நாம் அதைச் சுருக்கமாக அழைக்கலாம். அதை மறுப்பதே பாகுபாடு என்று அச்சட்டத்தின் இலக்கணம் கூறுகிறது. செய்யாமலிருப்பது சோம்பல் அல்ல, மறதி அல்ல, பாகுபாடு!

இதைத் தமிழகமே ஒரு வழக்கில் கற்றுக்கொண்டது. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்ததென்று, மின்பொறியியல் படித்த இளைஞர் ஒருவருக்கு உதவிப் பொறியாளர் பணியை மறுத்தது அன்றைய தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டத்தின் பட்டியலில் அந்தக் குறை இடம்பெறவில்லை. ஆயினும், அவருக்கு ஏற்ற பணியை ஒழுங்குசெய்து தருவது நிறுவனத்தின் கடமை என்று 2023 அக்டோபர் 16 அன்று தீர்ப்புக் கூறிற்று நீதிமன்றம். ஒரு பொறியாளரின் பணிகள் பல. அவற்றுள் நிறம் காண வேண்டியவை சில. காண வேண்டாதவை பல. பிரித்துத் தர மனமிருந்தால் போதும்.

"எல்லாம் சரி, எங்கள் கடை பெரிய நிறுவனமா? செலவுக்கு எங்கே போவது?" என்பர். சட்டமே அதற்கு விடை வைத்திருக்கிறது: அளவுக்கு மீறிய சுமையைச் சுமத்தும் ஏற்பாட்டை அது கேட்கவில்லை. பத்தடிக் கடைக்காரரை மின்தூக்கி கட்டச் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் வரும் கணக்கருக்கு மேசையின் உயரத்தைக் குறைத்தால் போதும். செவிப்புலன் இல்லாதவருக்கு, கூவுவதை விடுத்து ஒரு சீட்டில் எழுதிக் காட்டினால் போதும். நீரிழிவுள்ளவரை வேளைக்கு உண்ணவிட்டால் போதும். கண்பார்வை இல்லாதவருக்கு எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள் கணினியிலே இருந்தால் போதும். இவற்றுள் எது குடியைக் கெடுக்கும் செலவு?

சட்டத்திலே ஓட்டையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அரசு நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டைச் செய்துதர வேண்டும் என்று 20ஆவது பிரிவு நேரடியாகக் கட்டளையிடுகிறது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும் கூறுகிறது. தனியாருக்கோ, சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடுக என்கிறது. இருபது பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள தனியார் நிறுவனம், என்னென்ன வசதிகள் தருகிறது என்பதை அக்கொள்கையிலே குறிக்க வேண்டும் என்று விதி உண்டு. அரசுக்குக் கட்டளை, தனியாருக்குக் காகிதம்! வேலைகள் தனியாரிடம் பெருகிவரும் நாளிலே இந்த வேறுபாடு நீடிக்கலாமா? முதன்முறை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம். மீண்டும் மீறினால் ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் ஐந்து லட்சம் வரை. தண்டம் ஏட்டிலே உறங்குகிறது. எழுப்புவார் வேண்டும்.

நிற்பவர் கதை இது. அமர்ந்தே தேய்பவர் கதையும் இம்மாவட்டத்திலே உண்டு. கீழப்பாவூரிலும் கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும், சுளகை மடியிலே வைத்துக் குனிந்து பீடி சுற்றும் பெண்களுக்கு வீடே தொழிற்கூடம். நிற்பவருக்கு அமர இடமில்லை. அமர்ந்தவருக்கு நிமிர நேரமில்லை. முதுகுக்குச் சாய்மானம் தருவது யார் பொறுப்பு? இலையும் தூளும் அனுப்பி எண்ணி வாங்குபவர், "அது உங்கள் வீடு" என்பார். உழைப்பு மட்டும் அவருடையது, முதுகுவலி வீட்டாருடையது! வேலையிட உரிமை கடைவாசலோடு நின்றுவிடலாகாது.

உரிமையைச் சொன்னோம், கடமையையும் சொல்வோம். உழைப்பவருக்கும் கடமை உண்டு. தமக்கு என்ன தேவை என்பதை அவர் வாய்திறந்து கேட்க வேண்டும். கேட்டதை எழுத்திலே தருவது நல்லது. மாற்றுத்திறனாளியாயின் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பெற்று வைத்திருக்க வேண்டும். தேவைக்கு மேல் கேட்பதும், கிடைத்ததைக் காட்டி வேலையைத் தட்டிக்கழிப்பதும் அடுத்து வருபவரின் வழியை அடைப்பதாகும். முதலாளியின் கடமையோ, கேட்கும்வரை காத்திராமல் தருவது, கேட்டவரைக் கறுவாமலிருப்பது, முடியாதென்றால் ஏன் முடியாதென்று காரணம் காட்டுவது. இருவரும் உட்கார்ந்து பேசினால் தீராத சிக்கல் இல்லை. கவனியுங்கள், இருவரும் உட்கார்ந்து!

நமக்கும் கடமை உண்டு. அதுதான் இக்கட்டுரையின் நோக்கம். இளைஞர்களே, அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போவீர்கள். போங்கள், நன்றாக நீராடுங்கள். பிறகு கடைகளில் நுழையும்போது மேசைக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். முக்காலி இருக்கிறதா? அதன்மேல் ஆள் இருக்கிறாரா, துணிக்கட்டு இருக்கிறதா? பணியாளரைத் தொல்லைப்படுத்த வேண்டாம். அவர் பிழைப்பு அது. முதலாளியிடம் பேசுங்கள்: "அவர் உட்கார்ந்து காட்டினாலும் நாங்கள் வாங்குவோம்" என்று உரக்கச் சொல்லுங்கள். அவர் அஞ்சுவது நம்மை. அந்த அச்சத்தை நாம்தாம் போக்க முடியும். கேளாவிடில், தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதுங்கள். மாற்றுத்திறனாளிக்கு இடர் நேர்ந்தால், மாவட்ட நல அலுவலகத்துக்கும் மாநில ஆணையருக்கும் எழுதத் துணை நில்லுங்கள்.

அதற்கு முன் நம் வீட்டைச் சரிசெய்வோம். நம் மன்றங்களின் படிப்பகங்கள் பல மாடியிலே இருக்கின்றன, சாய்தளம் எங்கே? நம் கூட்ட மேடைக்கு ஏணிப்படி உண்டு. சக்கர நாற்காலி ஏற வழி உண்டா? ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றி, மாற்றுத்திறனாளி என்று பெயர் தந்தது இந்தத் தமிழ்நாடு, பெருமைதான். பெயரை மாற்றிய நாம் படிக்கட்டை மாற்றவில்லையென்றால், தந்தது மரியாதையா, மாலை மட்டுமா?

வைக்கத்திலே தெருவில் நடக்கும் உரிமைக்குப் போராடினோம். சேரன்மாதேவியிலே ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் உரிமைக்குப் போராடினோம். இன்று கேட்பது, உழைக்கும் இடத்திலே உட்காரும் உரிமை. பழைய போரின் எச்சம் இது; புதிய பிச்சை அல்ல.

முக்காலியின் மேலிருக்கும் துணிக்கட்டை இறக்கி வையுங்கள், அண்ணாச்சி! அந்தப் பெண் உட்காரட்டும்.